பச்சைப்புறாவுக்கு ஓட்டு கிடையாது

நாக்பூர் வந்து ஆறு வருஷம் ஆச்சு. சொசைட்டி மீட்டிங்கில் வாயைத் திறக்கக்கூடாது என்பது தங்கமணியின் நிரந்தர உத்தரவு. "நாம வெளியூர்க்காரங்க. அவங்க ஊரு, என்னவோ பண்ணிக்கட்டும்." போன ஞாயிற்றுக்கிழமை அதை மீறிட்டேன். இன்னும் நாலு கார் நிறுத்த, காம்பவுண்டு ஓரம் இருக்கிற அத்திமரத்தை (இங்கே உம்பர்) வெட்டணுமாம்.

பழம் சிவக்கிற சமயத்தில் அதில் பச்சைப்புறா கூட்டமா வரும். சாம்பல் தலை, மஞ்சள் கால். நம்ம பால்கனியை நாறடிக்கிற மாடப்புறா மாதிரி கிடையாது. தரைக்கு இறங்குவதே அபூர்வம். சாப்பாடு பெரும்பாலும் ஆல், அரசு, அத்திப் பழங்கள்தான். இலைக்குள் உட்கார்ந்தால் கண்ணுக்கே தெரியாது, விசில் மாதிரி குரல் மட்டும் கேட்கும். ஹரியால் என்று சொல்வார்கள். மகாராஷ்டிராவின் மாநிலப் பறவையே இதுதான்!

"விதை பரப்புற பறவை சார்" என்று பேசலாம்னு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஏமாற்றம்தான். பச்சைப்புறாவின் இரைப்பை கெட்டியான தசை. அத்தி விதையில் பெரும்பகுதியை அரைத்தே தீர்த்துவிடும். விதை பரப்புவது அதன் பெரியப்பா வீட்டு உறவான இம்பீரியல் புறா. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பெரிய பழத்தையும் முழுசா விழுங்கி, கொட்டையை உடைக்காமல் வேறு இடத்தில் போட்டுவிடும். எங்க பேங்க் பாஷையில் அது ஒழுங்கா இஎம்ஐ கட்டுகிற பார்ட்டி. நம்ம பச்சைப்புறா சுத்த என்பிஏ.

ஆனா கடன் கொடுத்த மரமே கவலைப்படலையே! ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கில் விதை. குயில், குக்குறுவான், வவ்வால் எல்லாம் கணக்கை நேர் பண்ணிவிடும். மற்ற மரங்கள் காய்க்காத மாசத்திலும் அத்தி இனத்தில் ஏதாவது ஒன்று பழுத்திருக்கும். வெட்டிவிட்டு பத்து தொட்டிச் செடி வைத்தால் அது ஈடாகுமா?

நமக்கு லாபம் தருகிற பறவைக்குத்தான் மரம் என்றால், வாடகைக்கு வந்த நாமும் ஒருநாள் அந்தக் கணக்கில் மாட்டுவோம். மெயின்டனன்ஸ் கட்டுகிறோம், பிள்ளைங்க மராத்தி பேசுதுங்க. மரம் விழும்போது மட்டும் ஏன் வெளியூர்க்காரன் ஆகணும்? 1975-ஆம் வருஷ மகாராஷ்டிர மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது என்று என் ஓட்டை ஹிந்தியில் சொன்னேன். ரெண்டு மூணு பேர் தலையாட்டினார்கள்.

முடிவை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். தங்கமணியும் மீட்டிங்குக்கு வர்றாங்களாம்.