மாற வேண்டியது பெட்டியா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

"வீட்டில் படித்த பிள்ளை ஒன்று இருந்தால் போதும், யாரும் நம்மை ஏமாற்ற முடியாது" என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அந்த நம்பிக்கையை நான் ஒரு முறை பொய்யாக்கியிருக்கிறேன். அதை முதலில் ஒப்புக்கொண்ட பிறகே கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

என் தந்தை விசைத்தறித் தொழிலாளி. எங்கள் வீட்டில் இருந்தது அரசு தந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. 2006-இல் தொடங்கிய இலவசத் திட்டத்தின் கீழ் 2009-இல் எங்கள் ஊருக்கு வந்தது. ஒன்பது ஆண்டுகள் ஒரு குறையும் இன்றி உழைத்தது.

2011-இல் திருத்தப்பட்ட கேபிள் தொலைக்காட்சிச் சட்டம், நாடெங்கும் படிப்படியாக டிஜிட்டல் முறையைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் அரசு கேபிள் டி.வி. நிறுவனம் 2017-இல் அதற்கான உரிமம் பெற்று, செட்டாப் பாக்ஸ்களை இலவசமாக வழங்கத் தொடங்கியது. மறு ஆண்டு எங்கள் தெருவிலும் அதே பேச்சு. அந்த நேரம் பார்த்து, தவணைக்குப் பொருள் விற்கும் ஒருவர் வந்து சேர்ந்தார்.

"அண்ணா, இனிமே இந்தப் பொட்டியில ஒண்ணும் தெரியாதுங்க. ஒளிபரப்பே மாறுது. வேறதான் வாங்கோணும்" என்றார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ படிக்கிற புள்ள. அவரு சொல்றது நெசமா கண்ணு?"

நான் அப்போது எட்டாம் வகுப்பு. உண்மை எனக்குத் தெரியாது. ஆனால், நண்பன் வீட்டுச் சுவரில் தொங்கிய தட்டை டி.வி. என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. "ஆமாப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவின் தோடு அடகுக்குப் போயிற்று. 9,000 ரூபாய்க்குப் புதிய பெட்டி வந்தது. தோடு திரும்பி வர இரண்டு ஆண்டுகள் ஆயின. அதே வாரம் எதிர்வீட்டு அத்தை, எங்களுடையதைப் போன்ற அரசுப் பெட்டியில் செட்டாப் பாக்ஸை மாட்டி, வழக்கம்போல் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்!

அது எப்படி முடிந்தது என்பது கல்லூரிக்கு வந்த பிறகே எனக்கு விளங்கியது. ஆய்வகத்தில் எதிர்மின் கதிர்க்குழாயைப் பற்றிப் பேராசிரியர் விளக்கினார். எலெக்ட்ரான்கள் பாய்ந்து சென்று திரையில் பூசிய பொருளை ஒளிரச் செய்கின்றன. டிஜிட்டல், அனலாக் என்ற வேறுபாடு அந்தக் குழாய்க்குத் தெரியாது. 0, 1 என்று சுருக்கி அனுப்பப்படும் செய்தியை விரித்து, பழைய பெட்டிக்குப் புரியும் மின்குறிப்பாக மாற்றித் தருவதுதான் செட்டாப் பாக்ஸின் வேலை. மஞ்சள் ஒயரில் படம். சிவப்பு, வெள்ளை ஒயர்களில் ஒலி. மாறியது ஒளிபரப்பு. மாற வேண்டியிருந்தது இடையில் ஒரு சிறு கருவி மட்டுமே.

இது ஒன்றும் புதுமை அல்ல. 1982-இல் நம் நாட்டில் வண்ண ஒளிபரப்பு வந்தபோது கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் ஊமையாகிவிடவில்லை. அதே நிகழ்ச்சிகளைக் கறுப்பு வெள்ளையில் காட்டின. அமெரிக்காவில் 2009 ஜூன் 12-ஆம் நாள் பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பு நின்றது. செல்வம் கொழிக்கும் அந்த நாட்டிலேயே, மாற்றிக் கருவி வாங்க வீட்டுக்கு இரண்டு கூப்பன்கள், ஒவ்வொன்றும் 40 டாலர் மதிப்பில், அரசே கொடுத்தது. பழைய பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்பதுதானே அதன் பொருள்?

"புதிய பெட்டி மின்சாரத்தை மிச்சப்படுத்துமே" என்று நண்பர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேறுபாடு 30 வாட் என்று கொள்வோம். நாளுக்கு 5 மணி நேரம் ஓடினால் மாதத்திற்கு நாலரை யூனிட். யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலும் 22 ரூபாய் 50 காசு. அப்பா கொடுத்த 9,000 ரூபாயை இந்த மிச்சத்தில் ஈடுகட்ட 400 மாதங்கள், அதாவது முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் வேண்டும்! வட்டியை நான் சேர்க்கவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பழைய பெட்டி பழைய இரும்புக்காரரிடம் 150 ரூபாய்க்குப் போயிற்று. அவர் செம்புக் கம்பிச் சுருளுக்காகக் குழாயின் கழுத்தைத் தெருவிலேயே உடைத்தார். எக்ஸ் கதிர் வெளியேறாமல் தடுப்பதற்காக அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கும். அந்தச் சில்லுகளின் மேல்தான் நாங்கள் பம்பரம் விட்டோம். மின்னணுக் கழிவை அங்கீகாரம் பெற்றவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் தெருவில் அது யாருக்குத் தெரியும்?

பழையதையே கட்டி அழ வேண்டும் என்று நான் வாதிடவில்லை. குழாய் மங்கிவிட்டால், பழுது பார்க்க உதிரிப் பாகம் கிடைக்காவிட்டால், சிறு திரையின் எழுத்து முதியோர் கண்ணுக்குத் தெரியாவிட்டால், கையில் காசும் இருந்தால், தாராளமாக மாற்றலாம். வேண்டும் என்பதற்காக வாங்குவது ஒருவர் உரிமை. வேறு வழியில்லை என்று பயந்து வாங்குவதுதான் தவறு. அந்தப் பயத்தை விற்றுப் பிழைப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருப்பார்கள்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். வீட்டில் நம் சொல்லே முடிவான சொல். நாம் "ஆமாம்" என்றால் அங்கே ஒரு தோடு அடகுக்குப் போகும். ஆகவே, தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொள்வோம். பிறகு தெரிந்துகொண்டு வந்து சொல்வோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் மரம் நடுகிறோம், தெருக் கூட்டுகிறோம். நல்லதே. அந்த முகாம்களில் ஒரு மாலைப் பொழுதை, இத்தகைய மாற்றங்களில் எது தேவை, எது வீண் செலவு என்று ஊர் மக்களுக்கு விளக்க ஒதுக்கினால் என்ன? மூன்று நிற ஒயரை எங்கே செருக வேண்டும் என்று காட்டுவதும் அறிவியல் தொண்டுதான்.

போன மாதம் அப்பா கேட்டார்: "நம்ம டி.வி.யில நெட்டு வராதாம். இனி வேறதான் வாங்கோணும்னு சொல்றாங்க. நெசமா கண்ணு?"

"விசாரிச்சுட்டு வந்து சொல்றேம்ப்பா" என்றேன்.

2018-இல் நான் ஏன் "ஆமாம்" என்றேன் என்பதை அவரிடம் இதுவரை சொன்னதில்லை. இந்த மலர் அச்சாகி வந்ததும், இக்கட்டுரையை அவருக்கு நானே படித்துக் காட்டுவேன்.