நாட்றம்பள்ளி எந்தக் கணக்கில்?

இந்திய சர்க்கார் 2019-21-ஆம் வருஷங்களில் நடத்திய ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின் புள்ளி விவரங்களைப் பார்ப்போர், தமிழ்நாட்டைக் குறித்துச் சிறிது பெருமை கொள்ளாமலிருக்க முடியாது. பிரசவங்களில் நூற்றுக்கு 99.6 வைத்தியசாலைகளில் நடைபெற்றன. பிறந்த ஆயிரம் சிசுக்களில் வருஷம் திரும்புமுன் இறந்தவை இந்தியா முழுவதற்கும் 35.2, இங்கே 18.6. கிராமந்தோறும் நடந்து இக்காரியத்தைச் சாதித்த செவிலியரை மனமாரப் பாராட்டுகிறோம். ஆயின், 15 முதல் 49 வயது வரையுள்ள நமது ஸ்திரீகளில் நூற்றுக்கு 53.4 பேர் இரத்த சோகையுடையவர் என்பதும் அதே ஏட்டில்தான் காணப்படுகிறது. முந்திய ஆய்வில் இத்தொகை 55. இவ்வளவு மந்தமான முன்னேற்றத்தைக் கொண்டு யாரும் திருப்தியடைய இயலாது.

இவ்விவரங்களில் நாட்றம்பள்ளி எங்கே இருக்கிறது? தேடினால் அகப்படாது. ஜில்லாவாரிக் கணக்கு 2017 மார்ச் 31-இல் இருந்த ஜில்லாக்களைக் கொண்டு தயாரிக்கப்பட்டது. நாட்றம்பள்ளி தாலூகா அடங்கிய திருப்பத்தூர் ஜில்லாவோ 2019 நவம்பர் 28-இல்தான் உதயமாயிற்று. ஆகவே அது பழைய வேலூர் ஜில்லாவின் சராசரிக்குள் கரைந்து கிடக்கிறது. சராசரி என்பது விசித்திரமான வஸ்து. பேர்போன ஆஸ்பத்திரிக்கு அருகே வேலூர் நகரில் வசிப்பவரையும், ஏலகிரி மலையடிவாரத்துக் கூலிக்காரரையும், ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலாளரையும் ஒரே பானையிலிட்டுக் கலக்கி, ஒரு கரண்டி மொண்டு, "இதுவே உங்கள் தேக நிலை" என்று நீட்டுகிறது.

கடைசியிற் கூறியவர் விஷயமே நமக்கு முக்கியம். இப்பிரதேசத்தின் வயிற்றுப்பாடு தோலை நம்பியது. சுண்ணாம்பில் ஊறி, மயிர் களையப்பெற்று, குரோமிய உப்பில் தோல் பதமாகிறது. அவ்வுப்பினால் தொழிலாளியின் கையில் உண்டாகும் புண் புதிதாகக் கண்ட வியாதியன்று. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே அதைத் தன் மூன்றாவது அட்டவணையிற் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதைக் காணும் வைத்தியர் அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும் என்றும் விதித்தது. 2020-இல் பார்லிமெண்டு இயற்றிய புதிய சட்டமும் அறிவிக்கும் கடமையைக் கைவிடவில்லை. ஆனால் குடும்ப நல ஆய்வின் ஜில்லாக் கணக்கிலோ, இன்ன தொழில் செய்வோருக்கு இன்ன நோய் என்ற பத்தியே கிடையாது.

மரணக் கணக்கின் கதையும் இதுவே. 1969-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் கீழ் நெடுங்காலம் வழங்கிய படிவத்தில், இறந்தவர் எத்தனை வருஷம் புகை பிடித்தார், எத்தனை வருஷம் பாக்கு மென்றார் என்றெல்லாம் வினவப்பட்டது. தொழிலுக்கும் ஒரு வரி இருந்தது. ஆனால் எத்தனை வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றார் என்று வினவப்படவில்லை. 2020-இல் நாட்டில் பதிவான மரணங்களில் நூற்றுக்கு 22.5-க்குத்தான் காரணம் வைத்திய அத்தாட்சியுடன் குறிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஏழைத் தொழிலாளி எந்நோயால் மாண்டான் என்று அறிவதற்குள்ள வழி எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

இது குமாஸ்தாக்கள் மாத்திரம் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று சிலர் எண்ணக்கூடும். நியாயஸ்தலத்தில் நடந்ததை அவர்கள் கவனிப்பார்களாக. வேலூர் பிரஜைகள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-இல் தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு, தோல் கழிவினால் சுமார் 35,000 ஹெக்டேர் சாகுபடி நிலம் கெட்டதென்ற கணக்கை எடுத்துக்காட்டிற்று. பின்னர் அமைந்த அதிகார சபை 2001-இல் 29,193 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு நிர்ணயித்தது. நஷ்ட ஈடு பெறாதோருக்கு அதைக் கொடுத்து, கேடு விளைத்தவரிடம் வசூலிக்குமாறு 2025 ஜனவரி 30-இல் அதே கோர்ட்டு மறுபடியும் உத்தரவிட்டது. நிலத்துக்கு அளவுண்டு, பட்டாவுண்டு. ஆதலின் நிலமுடையவன் வாதியாக நிற்க முடிந்தது. கூலிக்காரனுடைய நுரையீரலுக்குப் பட்டா ஏது? பதிவேடு ஒன்றே அவனுக்குள்ள சாசனம்.

தொழிலதிபர்களுக்கு நாம் விரோதிகள் அல்லோம். ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பெரிவது அவர்களால்தான் என்பதை மறக்கவில்லை. இத்தகைய கணக்கெடுப்பால் ஏற்றுமதி பாதிக்கும் என்று அவர்கள் அஞ்சுவது வியப்பன்று. ஆனால் ஒரு விஷயத்தை நினைவுறுத்துவோம். 2015 மே மாதம் முதல் ஐரோப்பியர், சருமத்திற் படும் தோற்பொருளில் நச்சுக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டலாகாது என்று சட்டம் செய்து பரிசோதித்து வருகின்றனர். அந்நிய நாட்டார் பாதத்துக்காக நம் பாதரட்சை இத்தனை நுட்பமாகச் சோதிக்கப்படும்போது, அதைச் செய்த கையைச் சோதித்து எழுதுவதில் என்ன நஷ்டம் வந்துவிடும்?

இதற்குப் புதிய இலாகா வேண்டுவதில்லை. பக்கத்துக் கிருஷ்ணகிரி ஜில்லாவில் 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீடுதோறும் ஆள் அனுப்பி, இரத்த அழுத்தத்தையும் நீரிழிவையும் கண்டறியும் ஏற்பாடு. அவ்வாறு வருபவர், தொழில் யாது, எத்தனை வருஷம், கையிற் புண் உண்டா, மூச்சுத் திணறல் உண்டா என்று நான்கு வினாக்களைச் சேர்த்துக் கேட்கட்டும். வீட்டிலிருந்தே ஜோட்டின் மேல்தோலைத் தைக்கும் பெண்களும் இதனால் கணக்கில் வருவர். திருப்பத்தூர் ஜில்லாவின் நான்கு தாலூகாக்களுக்கும் தனித்தனியே, ஆட்பெயரின்றி, வருஷந்தோறும் அதைப் பிரசுரிக்கட்டும். தொழில்நோய் குறித்து வைத்தியர்கள் அனுப்பிய அறிவிப்புகள் இந்த ஜில்லாவில் வருஷவாரியாக எத்தனை என்பதை இத்தொகுதிகளின் பிரதிநிதிகள் சட்டசபையில் கேட்க வேண்டும். 'ஒன்றுமில்லை' என்று பதில் வருமாயின், அதையும் எழுத்து மூலம் பெற்று ஜனங்கள் முன் வைக்க வேண்டும்.