எக்ஸ்ரே நார்மல்னா வலி பொய்யா?

வல்லக்கோட்டையில நம்ம பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஒரகடத்துல ஷிப்ட் வேலை. ஆறு மாசமா மணிக்கட்டு வலி. எக்ஸ்ரே பார்த்தவங்க "எலும்பு நார்மல், லீவுக்கு நடிக்காதே"ன்னு அனுப்பிட்டாங்க.

என்ன நியாயம் சாமி இது? வியன்னா மருத்துவர் கீன்பாக் 1910-லேயே விவரித்த நோய் ஒன்று உண்டு. மணிக்கட்டு நடுவில் இருக்கும் பிறை எலும்பு ரத்த ஓட்டம் குறைந்து செத்துப்போகும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐயில் தெரியும். எலும்பு முழுக்க மாறியிருந்தால் பெரும்பாலும் கீன்பாக். சுண்டுவிரல் பக்க ஓரம் மட்டும்னா, அந்தப் பக்கத்து முன்கை எலும்பு நீண்டு இடிக்குதுன்னு சந்தேகம். இதுக்கு ஆபரேஷன்னா அந்த நீண்ட எலும்பைக் குறைப்பாங்க. கீன்பாக்னா பல நேரம் கட்டைவிரல் பக்கத்து எலும்பை. மாத்திக் குறைச்சா யார் பொறுப்பு?

இரும்பு வார்ப்புல விரிசல் தேட ஸ்கேன் உண்டு. அதைத் தூக்குற கைக்குக் கிடையாதா?