ஃபைல் கெட்டுப்போகலை, திறந்த மென்பொருள்தான் வாயைத் திறக்கலை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சிட்டிருந்த மேட்டர் இது. கொஞ்சம் டெக்னிக்கல்தான், ஆனா ஓடிடாதீங்க. பழைய ஹார்ட் டிஸ்க், பழைய பென் டிரைவ் எதையாவது அலமாரியில வெச்சிருக்கிற எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு.

சொல்ல வர்றதை முதல்லயே சொல்லிடுறேன். ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திறக்கிறோம், திரை முழுக்கக் குப்பை எழுத்து. உடனே நாம "ஃபைல் கரப்ட் ஆயிடுச்சு"ங்கிறோம். பெரும்பாலும் ஃபைலுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது. திறந்த மென்பொருள் அதைத் தப்பா ஊகிச்சிருக்கும். ஊகிச்சதைக்கூட மன்னிச்சிடலாம். "நான் ஊகிச்சுத்தான் காட்டுறேன்"னு ஒரு வரி சொல்லாம, அதே ஃபைல் மேல எழுதவும் அனுமதிக்குது பாருங்க, அதைத்தான் என்னால மன்னிக்க முடியலை.

டெக்ஸ்ட் ஃபைல்னா ரொம்ப எளிமையானதுன்னு நாம நினைக்கிறோம். அதுல தலைப்பு கிடையாது, வடிவமைப்பு கிடையாது, படம் கிடையாது. நிஜம்தான். ஆனா "நான் எந்தக் குறியேற்றத்துல எழுதப்பட்டேன்"ங்கிற தகவலும் சேர்ந்து கிடையாது! வலைப்பக்கமா இருந்தா மேலேயே அதைச் சொல்லி வைக்கலாம். டெக்ஸ்ட் ஃபைலுக்குள்ள இருக்கிறது வெறும் எண்கள், 0 முதல் 255 வரை. 190-ங்கிற எண் எந்த எழுத்துன்னு திறக்கிற மென்பொருள்தான் முடிவு பண்ணணும். சில ஒருங்குறி ஃபைல்கள்ல முன்னாடி 'பாம்'னு ஒரு சின்ன அடையாளம் இருக்கும். அதுவும் இல்லைன்னா ஊகம்தான்.

ஊகம் எவ்வளவு தூரம் போகும்னு ஒரு பிரபலமான உதாரணம் இருக்கு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நோட்பேடுல "புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ்"னு ஆங்கிலத்துல, புஷ்ஷோட முதல் எழுத்தைத் தவிர மத்ததெல்லாம் சின்ன எழுத்துல அடிச்சு, சேமிச்சு, மூடித் திரும்பத் திறந்தா எழுத்தெல்லாம் காணாமப் போயிடும். அமெரிக்க அரசியல் சதின்னு அப்ப ஆளாளுக்குக் கதை விட்டாங்க :-) சதியெல்லாம் ஒண்ணுமில்லை. அந்த வரியில இருக்கிற 18 பைட்டுகளையும் ரெண்டு ரெண்டா சேர்த்துப் படிச்சா 9 சீன எழுத்து கிடைக்குது. நோட்பேடோட ஊகிக்கிற பகுதி "ஓ, இது ஒருங்குறி"ன்னு முடிவு பண்ணிடுச்சு. விஸ்டாவுலதான் அதைச் சரி பண்ணினாங்க. ஆங்கிலத்துக்கே இந்தக் கதின்னா நம்ம கதையைக் கேக்கவே வேணாம்.

நமக்கு இருந்தது ஒண்ணா ரெண்டா? திஸ்கி ஒரு பக்கம். 1999-ல தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட டாம், டாப் இன்னொரு பக்கம். இலங்கைத் தமிழர்களும் அச்சகங்களும் அதிகமாப் புழங்கின பாமினி வேற. அதுபோக ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு சொந்த எழுத்துரு. மதுரைத் திட்டம் 1998-ல தொடங்கி, திஸ்கியிலயும் அப்புறம் ஒருங்குறியிலயும் இலக்கியங்களை ஏத்தி வெச்சதால அதெல்லாம் பிழைச்சுது. நம்ம வீட்டு ஃபைல்களுக்கு யார் திட்டம் போட்டாங்க?

ஆனா ஒரு நல்ல விஷயம் என்னன்னா, குப்பையைப் பார்த்தே நோயைச் சொல்லிடலாம். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிற மாதிரி. 'தமிழ்'ங்கிற ஒரே வார்த்தையை வெச்சுச் சொல்றேன்.

1. முக்கால்ங்கிற பின்னம், தலையில கோடு போட்ட பெரிய ஏ, சென்ட் குறி, தலையில கோடு போட்ட சின்ன யூ. இப்படித் தெரிஞ்சா அது திஸ்கி. ஃபைல் பத்திரம்.

2. ஜே, கே, பி, ஓ, கடைசியில ஒரு அரைப்புள்ளி. சாதாரண ஆங்கில எழுத்தா, அர்த்தமே இல்லாம வந்தா அது பாமினி. இதுவும் பத்திரம்.

3. தலையில சாய்கோடு போட்ட சின்ன ஏ, பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர், இது ரெண்டும் திரும்பத் திரும்ப வந்தா அது அசல் ஒருங்குறிதான். யுடிஎஃப்-8-ல ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூணு பைட். அதை ஒவ்வொரு பைட்டா பிரிச்சுப் படிச்சிருக்கு, அவ்வளவுதான். இதுவும் பத்திரம்.

4. வரிசையா வெறும் கேள்விக்குறி, இல்லைன்னா கறுப்பு வைரத்துக்குள்ள கேள்விக்குறி. இங்கேதான் பயப்படணும். இன்னும் யாரும் சேமிக்கலைன்னா தப்பிச்சோம். சேமிச்சாச்சுன்னா அவ்வளவுதான், கதை முடிஞ்சுது.

ஏன் முடிஞ்சுதுன்னு சொல்றேன். முதல் மூணு வகையில ஒவ்வொரு எழுத்துக்கும் வேற வேற குப்பை வருது. அதனால திரும்ப மாத்திடலாம். நாலாவதுல ககரத்துக்கும் அதே கேள்விக்குறி, மகரத்துக்கும் அதே கேள்விக்குறி. எந்தக் கொம்பனாலயும் பிரிச்சு எடுக்க முடியாது.

இது வெறும் தியரி இல்லைங்க. போன வருஷம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். அவங்க அப்பா தமிழாசிரியரா இருந்து ஓய்வு பெற்றவர். 2002, 2003-ல சொந்த ஊர்ல இருந்த வயசான அம்மாக்கள் பக்கத்துல உட்கார்ந்து, அவங்க பாடின ஒப்பாரியும் தாலாட்டும் கேட்டுக் கேட்டு, தானே கணினியில தட்டச்சி வெச்சிருந்தார். அப்பா காலமாகி நாலு வருஷம் ஆச்சு. பழைய கணினி எப்பவோ எடைக்குப் போயிடுச்சு. ஒரு பென் டிரைவ்தான் மிச்சம்.

"ஏங்க, எல்லாம் கரப்ட்னு கடைக்காரர் சொல்றார். ஃபார்மட் பண்ணிட்டு வேற எதுக்காவது வெச்சுக்கவா?"

"முதல் வரியில என்ன தெரியுதுன்னு படிங்க"ன்னேன். முக்கால் பின்னம், சென்ட் குறின்னு படிச்சார். "அப்பாவோட பாட்டெல்லாம் அப்படியே இருக்குங்க, தயவுசெஞ்சு எதையும் சேவ் மட்டும் பண்ணிடாதீங்க"ன்னேன்.

மொத்தம் 41 ஃபைல். 40 ஃபைலை ஒரு சாயங்காலத்துல மாத்திட்டோம். மிச்சம் ஒண்ணு வரலை. எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி அதைப் புதுசா ஒரு எடிட்டர்ல திறந்து பார்த்திருக்கார். அது எதுவும் கேக்காம யுடிஎஃப்-8-னு எடுத்துக்கிட்டு, புரியாத பைட்டுக்கெல்லாம் கறுப்பு வைரம் போட்டுக் காட்டியிருக்கு. அவர் ஏதோ ஒரு ஸ்பேஸ் தட்டியிருக்கார். மூடும்போது "சேமிக்கவா?"ன்னு கேட்டிருக்கு. சரின்னுட்டார். இப்ப அந்த ஃபைல்ல தேதிகள் மட்டும் இருக்கு, நடுவுல வரிசையா வைரம். எந்தப் பாட்டை யார்கிட்ட கேட்டார்ங்கிற பட்டியல் அது. பாட்டெல்லாம் கிடைச்சிடுச்சு, பாடினவங்க பேர் மட்டும் போயிடுச்சு.

இதுல அவர் மேல என்ன தப்பு சொல்றது? மூடும்போது சேமிக்கவான்னு கேட்டா யாரும் சரின்னுதான் சொல்வாங்க. "இந்த ஃபைல் எனக்குப் புரியலை, சேமிச்சா அழிஞ்சிடும்"னு சொல்ல வேண்டியது அந்த மென்பொருள். அதுக்குத் தெரியும். வைரம் போட்டதே அதுதானே!

"இப்பத்தான் எல்லாமே ஒருங்குறி ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு இந்தப் புலம்பல்?"னு சிலர் கேப்பீங்க. ஆமா, நோட்பேடே 2019-ல வந்த விண்டோஸ் 10 பதிப்புலேர்ந்து புது ஃபைலை யுடிஎஃப்-8-லதான் சேமிக்குது. என்ன குறியேற்றம்னு கீழ்ப்பட்டையில காட்டவும் அப்பத்தான் ஆரம்பிச்சுது. 1985-ல விண்டோஸோட முதல் பதிப்புலயே வந்த நோட்பேடுக்கு இதைச் சொல்ல 34 வருஷம் ஆச்சு! இனிமே எழுதப்போறதுக்கு இது ரொம்ப நல்லது. ஏற்கனவே எழுதி வெச்சதுக்கு இதுவே ஆபத்தாவும் முடியலாம். "உலகத்துல எல்லாமே யுடிஎஃப்-8"னு கண்ணை மூடிக்கிட்டு நம்புற ஒவ்வொரு எடிட்டரும் திஸ்கி ஃபைலுக்கு எமன்தான்.

இன்னொரு வாதமும் உண்டு. சாதாரண ஜனங்ககிட்ட குறியேற்றம் அது இதுன்னு கேட்டா மிரண்டுடுவாங்களாம். ஒவ்வொரு தடவையும் கேக்க வேணாங்க. சந்தேகம் வந்தா மட்டும் மேலே ஒரு வரி போதும். லினக்ஸ்ல ஜிஎடிட் இதை அழகா செஞ்சுது. புரியாத பைட் வந்தா, இந்த ஃபைல்ல செல்லாத எழுத்துகள் இருக்கு, திருத்தினா கெட்டுப்போகலாம், வேற குறியேற்றத்துல முயற்சி பண்ணுங்கன்னு மேலே பட்டை போட்டுச் சொல்லும். யாரும் மிரண்டு ஓடினதா நான் கேள்விப்படலை.

நம்மள்ல நிரல் எழுதுறவங்க நிறைய பேர் இருக்கீங்க. உங்ககிட்ட கேக்கிறது மூணே மூணு.

ஒண்ணு, எந்தக் குறியேற்றத்துல திறந்தீங்கன்னு கண்ணுல படுற இடத்துல காட்டுங்க.

ரெண்டு, "வேற குறியேற்றத்துல திரும்பத் திற"ங்கிறதையும் "வேற குறியேற்றத்துல சேமி"ங்கிறதையும் தனித்தனியா வைங்க. முதலாவது கண்ணாடியை மாத்துறது, ரெண்டாவது கண்ணையே மாத்துறது. விஎஸ் கோடுல கீழே இருக்கிற குறியேற்றப் பெயரைத் தட்டினா இந்த ரெண்டையும் பிரிச்சுத்தான் கேக்கும். அது சரியான வழி.

மூணு, சந்தேகம் இருக்கிற ஃபைலைப் படிக்க மட்டும் திறங்க. பழைய ஃபைல் மேல எழுத விடாதீங்க.

கூடவே ஒரு ஆசை. நான் பார்த்த எடிட்டர் மெனுக்கள்ல ரஷ்ய மொழிக்கு நாலு, வியட்நாமுக்கு ஒண்ணு, தாய்லாந்துக்கு ஒண்ணுன்னு இருக்கு, திஸ்கி மட்டும் இல்லை. திஸ்கியில 'கொ' எழுத கொம்பு முதல்ல, அப்புறம் க, அப்புறம் கால். ஒருங்குறியில க-தான் முதல்ல வரும். அதனால மாத்துறது கஷ்டம்பாங்க. லினக்ஸ்ல இருக்கிற ஐகான்வ் கருவிக்குத் திஸ்கி தெரியும். ஓப்பன்-தமிழ்னு பைத்தான் நூலகம் ஒண்ணு இருக்கு, அதுலயும் மாற்றிகள் இருக்கு. கஷ்டமான வேலையை ஏற்கனவே யாரோ செஞ்சு வெச்சாச்சு. மெனுவுல சேர்க்கத்தான் ஆள் இல்லை.

மத்தவங்களுக்கு வேலை இன்னும் சுலபம். பழைய ஃபைலைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு நகல் எடுங்க. நகலை மட்டும் திறங்க. குப்பை தெரிஞ்சா எதையும் சேமிக்காம மூடுங்க. மேலே சொன்ன நாக்கு வைத்தியத்தைப் பார்த்து வகையைக் கண்டுபிடிச்சு, மாற்றியில போட்டு, புதுப் பேர்ல ஒருங்குறியில வைங்க. அசலை அழிக்காதீங்க, அதோட பேர்லயே 'திஸ்கி', 'பாமினி'ன்னு சேர்த்து வைங்க. ஃபைலுக்கு உள்ளே எழுத முடியாத தகவலை வெளியிலயாவது எழுதி வைப்போமே.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த அலமாரியைத் திறங்க மக்களே. என்ன கிடைச்சுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திறக்கவே மாட்டேங்குதுன்னா முதல் வரி எப்படித் தெரியுதுன்னு எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம்.

டிஸ்கி: இந்தப் பதிவுல வர்ற திஸ்கிக்கும் இந்த டிஸ்கிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை :-)