மேல் வகுப்புப் பயணமும் நம் பிள்ளைகளும்



கடல் கடந்து வேலை பார்க்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் அண்மையில் ஒரு கவலையைத் தெரிவித்தார்கள். இலண்டனில் பணிபுரியும் பிள்ளைகள் கம்பெனி வேலையாக அடிக்கடி நியூயார்க் சென்று வருகிறார்கள். போவதும் வருவதும் 'பிசினஸ் கிளாஸ்' என்னும் மேல் வகுப்பில், செலவு கம்பெனியுடையது. "பிள்ளை சொகுசுக்குப் பழகிக் கெட்டுப்போவானோ, சாமி?" என்பதே கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் கவலைப்பட வேண்டிய இடம் வேறு என்று எனக்குத் தோன்றுகிறது.

இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஏறத்தாழ 5,500 கிலோமீட்டர் தூரம். போகும்போது எட்டு மணி நேரம் ஆகும். திரும்பும்போது மேற்கிலிருந்து வீசும் உயர்வானக் காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டு வருவதால் ஏழு மணி நேரமோ, அதற்கும் குறைவாகவோ போதும். பெரிய விமானங்கள் பலவற்றில் சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்குப் பத்துப் பேர் அமர்கிறார்கள். முன்புறத்து மேல் வகுப்பிலோ அதே அகலத்தில் நான்கே பேர். அவர்களுடைய இருக்கை ஒரு பொத்தானை அழுத்தியதும் படுக்கையாக நீண்டுவிடும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனம் இத்தகைய படுக்கையை இவ்வகுப்பில் அமைக்கத் தொடங்கியது 2000-ஆம் ஆண்டில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் திருச்சபைப் பணி ஒன்றை முடித்துவிட்டு நியூயார்க்கிலிருந்து இலண்டனுக்குத் திரும்பினேன். பின்புறத்தில் இடத்துக்கு மிஞ்சி ஆட்கள் வந்துவிட்டபடியால் விமான ஊழியர்கள் என்னை முன்புறத்துக்கு மாற்றினார்கள். முகம் துடைக்க வெந்நீரில் நனைத்த சிறு துண்டு கொடுத்தார்கள். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துப் பீங்கான் தட்டில் உணவு வைத்தார்கள். பணிப்பெண் பயணியின் அருகே குனிந்து, பெயர் சொல்லி அழைத்துப் பேசினார். (என் பெயரை உச்சரிக்க அவர் பட்ட பாட்டை இங்கே விவரிக்கப் போவதில்லை.) அடுத்த இருக்கைக்காரரோ இவை எதையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உணவு வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். மாலை ஏழு மணிக்குப் புறப்பட்ட விமானம் இறங்கும்போது இலண்டனில் காலை ஏழு. அவருடைய உடலுக்கோ அது இரவு இரண்டு மணி. நிலையத்திலேயே குளித்து உடை மாற்றி, நேரே அலுவலகக் கூட்டத்துக்குப் போக வேண்டும் என்றார். மாதத்தில் மூன்று முறை இப்படியாம்.

இதைச் சொகுசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1938-இல் 'குயின் மேரி' என்னும் கப்பல் நான்கு நாளுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்தது பெரிய சாதனையாகக் கருதப்பட்டது. வேலையாகச் சென்றவருக்கும் அந்த நாட்கள் தம்முடையவையாக இருந்தன. 1958-இல் ஜெட் விமானங்கள் வந்தன. 1976 முதல் 2003 வரை பறந்த 'கான்கார்டு' விமானம் மூன்றரை மணி நேரத்தில் கடலைத் தாண்டியது. வேகம் கூடக்கூட, இடையிலிருந்த ஓய்வு நாள் மறைந்தது. பகலின் உழைப்புக்குக் கூலி கொடுத்தவர்கள் இன்று இரவின் உறக்கத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். அந்தப் படுக்கை பிள்ளையின் சுகத்துக்காக அன்று; மறுநாள் காலை அவன் வேலைக்கு ஆயத்தமாக இருப்பதற்காக. தொழிலாளரின் ஓய்வும் ஞாயிறு அனுசரிப்பும் பறிக்கப்படக்கூடாது என்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் எழுதினார். அவர் ஆலைத் தொழிலாளரை நினைத்து எழுதியது, நல்ல சம்பளம் வாங்கும் நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும்.

சொகுசினால் வரும் கேடு ஒன்று உண்டு. முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் நடுவே ஒரு திரைச்சீலை தொங்குகிறது. பொன் மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் கந்தல் உடுத்தவனுக்குக் காலடியும் காட்டும் சபையை யாகப்பர் தம் திருமுகத்தில் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதை நீங்கள் அறிவீர்கள். விமானம் கோயில் அன்று; கூடுதல் பணம் கொடுத்தவருக்குக் கூடுதல் இடம் என்பது வாணிகம். ஆயினும் திரைக்குப் பின்னால் இருப்பவர்களை மறந்துவிடப் பழகுவது எளிது.

இதே கடலில் 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நடந்ததைப் பாருங்கள். 'டைட்டானிக்' கப்பலில் தாமஸ் பைல்ஸ் என்ற ஆங்கிலேயக் குருவானவர் இரண்டாம் வகுப்பில் பயணம் செய்தார். நியூயார்க்கில் தம் தம்பியின் திருமணத்தை நடத்திவைக்கப் போய்க்கொண்டிருந்தார். அன்று ஞாயிறு காலை, இரண்டாம் வகுப்பாருக்கும் மூன்றாம் வகுப்பாருக்கும் திருப்பலி நிறைவேற்றினார். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தை முன்னிட்டு மூன்றாம் வகுப்பாரைப் பிரித்துவைக்கும் தடுப்புகள் அக்கப்பலில் இருந்தன. இரவில் கப்பல் பனிப்பாறையில் மோதியபின் அவர் கீழே இறங்கிச் சென்று, அந்த ஏழைகளை மேல்தளத்துக்கு அழைத்து வந்து படகுகளில் ஏற்ற உதவினார். தமக்கு அளித்த இடத்தை மறுத்தார். எஞ்சியிருந்தோருடன் செபமாலை சொல்லிப் பாவமன்னிப்பு அளித்தார் என்று தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். முதல் வகுப்பாரில் பத்துக்கு ஆறு பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பாரில் நால்வருக்கு ஒருவர்தான். தாமஸ் அடிகளாரின் உடல் கிடைக்கவேயில்லை.

எரிபொருள் கணக்கையும் ஒரு வரி சொல்லவேண்டும். ஒருவருக்கு இடம் மிகுந்தால் அவர் பங்குக்கு எரியும் எண்ணெயும் மிகும். மேல் வகுப்புப் பயணியின் பங்கு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று உலக வங்கியின் 2013-ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது. தொலைபேசியில் முடியக்கூடிய வேலைக்கு நேரில் பறக்கும் கம்பெனிகள் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

முழங்கால் வலியுள்ள தாய்க்குப் பிள்ளை தன் சொந்தப் பணத்தில் மேல் வகுப்புச் சீட்டு வாங்கி அனுப்பினால், தயங்காமல் ஏறிப் போங்கள். படுக்கை இருந்தாலும் இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். நெடுநேரம் அசையாதிருந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும்.

மாதந்தோறும் பறக்கும் பிள்ளையிடம், விமானத்தில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதைவிட, இறங்கிய அன்று ஓய்வு கிடைத்ததா என்று கேளுங்கள். சனி இரவு புறப்பட்டு ஞாயிறு காலை இறங்குகிறவன் திருப்பலிக்கு எங்கே போகிறான் என்றும் கேளுங்கள். வழியில்லை என்று சொன்னால் நம்ப வேண்டாம். இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் புனித ஜார்ஜ் சிற்றாலயம் 1968 முதல் இருக்கிறது. நியூயார்க் கென்னடி நிலையத்தில் மாதாவின் பெயரால் கத்தோலிக்கச் சிற்றாலயம் ஒன்று உண்டு. பாஸ்டன் நிலையத்துச் சிற்றாலயமோ 1950-களின் தொடக்கத்தில், அங்கே மாறி மாறி வேலை பார்த்த தொழிலாளருக்காகவே கட்டப்பட்டது. பூசை நேரத்தை மட்டும் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.