அறுபதுக்கு மேல் எழுத வந்தால் என்ன?

"ரிடையர் ஆனதும் ஆளாளுக்குப் பேனாவைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டாங்கப்பா." இலக்கியக் கூட்டங்களில் டீ குடிக்கிற இடைவேளையில் இப்படிப் பேசிக்கொள்கிறார்கள். மேடையில் பேசுவதில்லை. மேடையில் 'தலித் தன்வரலாறுகளின் வருகை' என்று மரியாதையாகத்தான் தொடங்குகிறார்கள். டீக்கடைக்கு வந்ததும் அந்த மரியாதை கழன்றுவிடுகிறது. பொழுது போகாத கிழடுகள், பி.எஃப். பணத்தில் புத்தகம் போடுகிறவர்கள், மொழிப் பயிற்சி இல்லாதவர்கள், வெறும் புலம்பல். இவர்களுடைய விமர்சனக் கோட்பாடு மொத்தமும் இவ்வளவுதான்.

நான் சிவகாசி வட்டாரத்து ஒன்றியப் பள்ளிகளில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழுத ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். ஆகவே இதில் நான் நடுநிலைமை வகிக்கப் போவதில்லை.

பதினெட்டில் கவிதை, இருபத்தைந்தில் முதல் தொகுப்பு, முப்பதில் நாவல், நாற்பதில் விருது. இந்தக் காலண்டரை அச்சடித்தது யார்? வீட்டில் புத்தக அலமாரி இருந்தவன், பத்திரிகையில் மாமா இருந்தவன், ராத்திரி எட்டு மணிக்கு மேல் விளக்கும் தனி அறையும் இருந்தவன். எங்கள் காலனியில் முதன்முதலாக அரசாங்கச் சம்பளம் வாங்கியவனுக்கு அந்தச் சம்பளம் அவனுடையதில்லை. தங்கச்சி கல்யாணம், தம்பி ஹாஸ்டல் ஃபீஸ், அய்யா வாங்கிய கடன், சித்தப்பன் மகன் கேஸ் என்று தெருவுக்கே அது பொதுச் சொத்து. மாசக் கடைசியில் அவன் பேனாவுக்கு மை வாங்கினாலே பெரிசு. போதாக்குறைக்கு 1973-ஆம் வருசத்து அரசு ஊழியர் நடத்தை விதிகள். அரசாங்கத்தின் கொள்கையையோ நடவடிக்கையையோ விமர்சித்து எழுதக் கூடாது. விதி எல்லாச் சாதிக்கும் ஒன்றுதான் என்பான். மெமோ எந்த மேசைக்கு முதலில் வந்து சேரும் என்று இருக்கையில் உட்கார்ந்திருந்தவனைக் கேட்டுப் பாருங்கள். "கோட்டாவுல வந்தவன், வாயை மூடிட்டு வேலையைப் பாக்க மாட்டானா?" என்று காதுபடப் பேசிய அலுவலகத்தில் முப்பது வருசம் உட்கார்ந்திருந்தவன் எழுதாமல் இருந்தது சோம்பேறித்தனமா?

வேலையை விட்டு வெளியே வந்ததால் மட்டுமே பிறந்த எழுத்து ஒன்றை எங்கள் மாவட்டத்திலிருந்தே காட்டுகிறேன். வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியில் பிறந்த பாமா முதலில் ஆசிரியை, பிறகு கன்னியாஸ்திரி. ஏழு வருசம் மடத்தில் இருந்து, 1992-இல் வெளியேறினார். அதே வருசம் 'கருக்கு' வந்தது. மடத்துக்குள் இருந்தபடி அதை எழுதியிருக்க முடியுமா? கீழ்ப்படிதலையே வார்த்தைப்பாடாகக் கொடுக்கிற இடம் அது. வெளியே வந்தபோது கையில் சம்பளமும் இல்லை, ஊரில் மதிப்பும் இல்லை. நண்பரான ஒரு பாதிரியார் சொன்னதன் பேரில் மனப்பாரம் இறங்க எழுதியதுதான் அந்தப் புத்தகம். இலக்கியம் படைக்கக் கிளம்பிய கணக்கே கிடையாது. எங்க பாட்டிமார் பேசுகிற பேச்சு அப்படியே அச்சில் ஏறியது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2000-இல் கிராஸ்வேர்டு விருது கிடைத்த பிறகுதான் இங்கே சில பேருக்கு அந்தத் தமிழும் தமிழ் என்று விளங்கியது.

பாமாவுக்கு அப்போது முப்பத்து நாலு வயசுதானே, அதைப் போய் ஓய்வு என்கிறாயே என்று கேட்கலாம். நான் வயசைப் பேசவில்லை. ஒரு வேலைக்குள், ஒரு நிறுவனத்தின் வாய்ப்பூட்டுக்குள் இருந்தவர் அதை உடைத்துக்கொண்டு வருவதைப் பேசுகிறேன். அந்தப் பூட்டு மடத்தில் ஒரு மாதிரி, தாலுகா ஆபீசில் வேறு மாதிரி.

பூமணியைப் பாருங்கள். கூட்டுறவுத் துறையில் துணைப் பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'பிறகு', 'வெக்கை' எல்லாம் வேலையில் இருக்கும்போதே வந்தவை. தீப்பெட்டித் தொழிலில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை வைத்து 'கருவேலம் பூக்கள்' என்று படமும் எடுத்தார். ஆனால் 1899 சிவகாசிக் கலவரம் வரை தோண்டிப் போகிற 'அஞ்ஞாடி' 2012-இல், ஓய்வுக்குப் பிறகுதான் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேலே. 2014-இல் சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. அவ்வளவு ஆவணத்தைப் புரட்டி, அவ்வளவு ஊர் அலைந்து எழுத கேஷுவல் லீவு போதுமா? (தன்னைத் தலித் எழுத்தாளர் என்று சொல்வதை அவர் ஏற்பதில்லை. அந்தச் சண்டையை இன்னொரு நாள் போட்டுக்கொள்ளலாம். புத்தகம் எங்களுக்கு வேண்டும்.)

இதுவரை எதிராளிக்குச் சொன்னேன். இனி நம்ம ஆட்களுக்கு. இதுதான் கசக்கும்.

ஓய்வுக்குப் பிறகு எழுத வருகிற நம்மவர்களில் பலபேர் என்ன எழுதுகிறார்கள்? ஓலைக்குடிசையில் பிறந்தேன், தெருவிளக்கில் படித்தேன், பரீட்சை எழுதினேன், அதிகாரி ஆனேன், மந்திரி கையால் கேடயம் வாங்கினேன். நடுவில் எட்டுப் பக்கம் வழுவழு தாளில் போட்டோ. தோழர், நீ ஏறிய ஏணியைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறாய். ஏணியில் நின்றபடி முப்பது வருசம் கீழே பார்த்துக்கொண்டிருந்தாயே, அது எங்கே? நீ கிராம நிர்வாக அலுவலராக இருந்தாய், எரிந்த உடம்புக்கு அடையாளம் சொல்லக் கூப்பிட்டார்கள். நீ நர்சாக இருந்தாய், தீக்காய வார்டில் வாழை இலையில் கிடத்தியிருந்த பிள்ளைக்குத் தண்ணி கொடுத்தாய். நீ தொழிலாளர் துறையில் இருந்தாய், கோப்பு எப்படித் தூங்கும் என்று உனக்குத் தெரியும். அதையெல்லாம் பென்சன் புத்தகத்தோடு சேர்த்துப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாயே!

சிவகாசியின் வரலாறாக எழுதப்பட்டது என்ன? 1922-இல் இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்த கதை. வானம் பார்த்த கரிசல் பூமியை உழைப்பால் உயர்த்திய கதை. 'குட்டி ஜப்பான்'. அது பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கதையில் கட்டை அடுக்கியவள் எங்கே? மருந்து கலந்தவன், திரி திணித்தவள், வீட்டுத் திண்ணையில் பொட்டி ஒட்டினவள் எங்கே? விடிகிறதுக்கு முந்தி வேன் வந்து ஹாரன் அடிக்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தூக்குச்சட்டியோடு ஏற்றிவிடுவார்கள். முன்பணம் வாங்கிய வீடென்றால் காய்ச்சலென்று சொல்லி நிற்கவும் முடியாது. என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து வராதவர்கள் என்று பெயர் நீக்கப்பட்ட பிள்ளைகளில் முக்கால்வாசி எங்கள் தெருக்களின் பிள்ளைகள். அதிலும் பொம்பளைப் பிள்ளைகள். பாமாவின் 'சங்கதி'யில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற மைக்கண்ணி வருகிறாள். என் பதிவேட்டில் எத்தனையோ மைக்கண்ணிகள். பதிவேட்டில் பெயரும் ஒரு சிவப்புக் கோடும்தான் உண்டு, கதை கிடையாது.

1991-இல் மீனம்பட்டியில் 39 பேர் செத்தார்கள். அதையொட்டி உச்ச நீதிமன்றம் தானாகவே விசாரணையில் இறங்கியது. 1996 டிசம்பர் 10 தீர்ப்பில், அபாயமான தொழிலில் பிள்ளையை வைத்திருந்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி; 38 பேருக்குக் குறையாமல் போனார்கள். காப்பாற்ற ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளம். ஒவ்வொன்றுக்கும் செய்தித்தாளில் மூன்று நாள், நிவாரணத் தொகை, கைது. நாலாம் நாள் ஒன்றுமில்லை. அந்த நாலாம் நாளிலிருந்து எழுதுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

அந்தத் தொழிலாளியே ஓய்வு பெற்றபின் எழுதிக்கொள்ளட்டுமே என்றால், அவளுக்கு ஏது ஓய்வு? அரசு ஊழியருக்கு 58 இருந்தது, 2020-இல் 59 ஆனது, 2021-இல் 60 ஆனது. பட்டாசு ஆபீசில் பீஸ் ரேட்டுக்கு உட்கார்ந்தவளுக்குக் கண் தெரிகிற வரைக்கும் வேலை, விரல் மடங்குகிற வரைக்கும் வேலை. பி.எஃப். பிடித்தம் ஒழுங்காக நடந்து, பத்து வருச சர்வீசும் காட்ட முடிந்தால், மாதம் குறைந்தது 1,000 ரூபாய் பென்சன் என்று 2014-இல் வைத்தார்கள். பேரே ஏறாத ஆபீசில் இருபது வருசம் இருந்தவள் எந்தச் சர்வீசைக் காட்டுவாள்? பென்சன் இல்லாதவர்களும் எழுதியதுண்டு. மராத்தியில் பேபி காம்ப்ளே பல்தணில் சின்னக் கடை வைத்திருந்தார். வியாபாரத்துக்கு நடுவில் எழுதி, வீட்டாருக்குத் தெரியாமல் பல வருசம் ஒளித்து வைத்திருந்தார். 1986-இல்தான் அது புத்தகமானது. ஆனால் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஏழு வயசில் வேனில் ஏற்றப்பட்டவளுக்கு அதையும் மிச்சம் வைக்கவில்லையே.

அதனால்தான் பென்சன் வாங்குகிற நம்மைக் கேட்கிறேன். முப்பது வருசம் நம் கையில் இருந்த எழுத்து அவளுடைய தெருவுக்கும் சேர்த்துக் கிடைத்த எழுத்து. போய் உட்கார், கேள், எழுது. ஆனால் வாத்தியார் புத்தியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுப் போ. அவள் 'ஆபீசு' என்றால் நீ 'தொழிற்சாலை' என்று திருத்தாதே. 'வெந்துபோச்சு' என்றால் 'தீக்காயமுற்றது' என்று எழுதாதே. அவள் சிரித்துக்கொண்டே சொல்வதை அழுதுகொண்டே எழுதாதே. எழுதியதை அவளுக்கே வாசித்துக் காட்டு. எடு என்றால் எடு. மாணவர்களும் இதைச் செய்யலாம். உங்கள் அப்பத்தாவிடம் ஒரு குரோஸுக்கு எவ்வளவு கூலி, கங்காணி யார், முன்பணம் எப்போது அடைந்தது, அடையவேயில்லையா என்று கேட்க எந்த விமர்சகனிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

இரண்டு வருசமாக நான் கோடு போட்ட நோட்டுகளோடு திரிகிறேன். என்னிடம் மூன்றாம் வகுப்பு வரை படித்து நின்றுபோன ஒருத்திக்கு இப்போது பேரன் பேத்தி உண்டு. முழங்கைக்குக் கீழே தோல் சுருங்கி வெளுத்திருக்கிறது. ரெண்டு சாயங்காலம் பேசினாள். நான் எழுதியதை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எம் பேரப் போடுங்க சார், பயமில்ல. ஆபீசு பேரு மட்டும் வேணாம். மருமக இன்னும் அங்கனதான் போறா" என்றாள்.