இடைக்காலம் எத்தனை காலம்?

புனித வெள்ளியன்று திருநாட்டுக்கென எடுத்த காணிக்கையை எண்ணிக்கொண்டிருந்தபோது, எம் பங்கைச் சேர்ந்த விவசாயி ஒருவர் கேட்டார்: “சாமி, வருஷா வருஷம் அனுப்புறோமே, அங்க இருக்கிறவங்க உழைச்சுப் பிழைக்க முடியாதா?”

கேள்வி நியாயமானதே. அவர்கள் உழைக்கிறார்கள். ஒலிவ மரத்தில் சிற்பம் செதுக்கும் பெத்லகேம் கைவினைஞரும், எண்ணெய் பிழியும் மேற்குக் கரை உழவரும், மலர் பயிரிட்ட காசா மக்களும் உழைப்பாளிகளே. விளைந்ததை விற்கும் வழிதான் அவர்கள் கையில் இல்லை. அந்த வழியைத் திறப்பதாகச் சொல்லி எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

1997 பிப்ரவரி 24 அன்று, ஐரோப்பியச் சமூகமும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் வாணிபம், ஒத்துழைப்பு பற்றிய இடைக்கால உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. பாலஸ்தீனத் தொழிற்பொருட்கள் ஐரோப்பாவுக்குள் சுங்க வரியின்றி நுழையலாம் என்றது. முழுமையான உடன்படிக்கைக்கான பேச்சு 1999 மே 4-க்குள் தொடங்க வேண்டும் என்றும், அது உருவாகும்வரை இது நீடிக்கும் என்றும் கூறிற்று. ஆஸ்லோ ஒப்பந்தங்கள் குறித்த ஐந்தாண்டு இடைக்காலம் முடியவேண்டிய நாளும் அதுவே. அந்த நாள் வந்தது, போயிற்று. முழுமையான உடன்படிக்கை வரவில்லை. 2012 முதல் வேளாண் பொருட்களுக்கும் சலுகை விரிந்தது. ஆயினும் ‘இடைக்காலம்’ என்ற சொல் மட்டும் அழியவில்லை.

எங்கள் பழையசீவரத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளையொட்டிப் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. அவற்றின் இரு விதிகளை மட்டும் நினைவூட்டுகிறேன். வாரியத்தில் அமர்ந்தவர் 360 நாள் பணியாற்றி விலகவேண்டும். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் வாரியத்தில் அமர இயலாது. காலத்துக்கு எல்லை, பொறுப்புக்குக் கணக்கு: ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்ச்சபை அறிந்திருந்த இவ்விரண்டும் இவ்வுடன்படிக்கையில் எங்கே?

வரியில்லை என்று வாயில் திறந்தவர்கள், வாயிலை அடையும் பாதையை நோக்கவில்லை. 1994 ஏப்ரல் 29-இன் பாரிஸ் நெறிமுறைப்படி, பாலஸ்தீனருக்கு வரும் பொருட்களுக்கான வரியை இஸ்ரயேலே வசூலிக்கிறது. 3 விழுக்காட்டைக் கூலியாகக் கழித்துக்கொண்டு மீதியைத் தரவேண்டும். அந்த மீதியும் பலமுறை நிறுத்தி வைக்கப்பட்டது. மேற்குக் கரையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டு நிலம் ‘இ’ பகுதி என முழுமையாக இஸ்ரயேலின் கட்டுப்பாட்டிலேயே நின்றது. காசா 2007 முதல் முற்றுகையில் அடைபட்டது. களத்துக் கதவின் சாவி அயலார் கையில் இருக்கையில், சந்தையில் சுங்கம் இல்லை என்று உழவனிடம் சொல்வது உதவியா, ஏளனமா?

இனி எடைக்கற்களுக்கு வருகிறேன். பையில் பெரிதும் சிறிதுமாக இருவகை எடைக்கற்கள் வைத்திராதே என இணைச்சட்ட நூல் எச்சரிக்கிறது. தமிழராகிய நாம் இதை நன்கு உணர முடியும். இலங்கைக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் என்னும் வரிச்சலுகையை 2005-இல் ஐரோப்பிய ஒன்றியம் அளித்தது. குடியியல் உரிமை, சித்திரவதைத் தடுப்பு, சிறார் உரிமை ஆகியன பற்றிய மூன்று ஐ.நா. உடன்படிக்கைகளை இலங்கை நிறைவேற்றுகிறதா என 2008 அக்டோபரில் விசாரணை தொடங்கிற்று. 2010 பிப்ரவரியில் முடிவெடுத்து, ஆகஸ்டு 15 முதல் சலுகையை நிறுத்திற்று. 2017-இல்தான் அது மீண்டது.

இஸ்ரயேலோடு 1995-இல் கையெழுத்தாகி 2000-இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவும் மனித உரிமையையே அடித்தளமாகக் கூறுகிறது. அது மீறப்பட்டதா என்ற ஆய்வு 25 ஆண்டுகள் கழித்து, 2025-இல்தான் நடந்தது. மீறியதற்கான அறிகுறிகள் உண்டு என்று ஆய்வு கூறிற்று. வாணிபச் சலுகைகளை நிறுத்தலாம் என ஆணையம் செப்டம்பரில் முன்மொழிந்தது. அவ்வாண்டு முடியும்வரை உறுப்பு நாடுகளிடையே தேவையான பெரும்பான்மை திரளவில்லை. கொழும்புக்கு 16 மாதம், டெல் அவிவுக்குக் கால் நூற்றாண்டு!

ஒன்று ஒருதலையாகத் தந்த சலுகை, மற்றது இருதரப்பு உடன்படிக்கை, ஆகவே ஒப்பிடலாகாது என்பர் சட்டம் அறிந்தோர். சட்ட வடிவம் வேறாகலாம். மனித உரிமை என்ற நிபந்தனை இரண்டிலும் உண்டே. 2010 பிப்ரவரி 25 அன்று, இலங்கை பற்றிய முடிவு வந்த பத்தே நாளில், ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டா வழக்கில் ஒரு தீர்ப்பளித்தது. மேற்குக் கரையில் உற்பத்தியான பொருட்கள் இஸ்ரயேல் உடன்படிக்கையின் சலுகையைப் பெற இயலா என்று அது தெளிவாகக் கூறிற்று. ஆயினும் குடியேற்றப் பொருட்களுக்குச் சலுகைதான் மறுக்கப்பட்டது, சந்தை மறுக்கப்படவில்லை.

சலுகையை நிறுத்தினால் ஏழைகளே துன்புறுவர் என்பது மற்றொரு வாதம். இதை நான் எளிதில் தள்ளமாட்டேன். இலங்கையில் அந்தச் சுமை, ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கும் பெண்கள்மீதும் விழுந்தது. ஆனால் ஏழைமீதான இந்தக் கரிசனம் ஒரு நாட்டுக்கு மட்டும் நினைவுக்கு வந்து, மற்றொரு நாட்டுக்கு மறந்துபோவதையே கண்டிக்கிறேன்.

நிலை சமமாக இல்லாத இருவர் செய்யும் ஒப்பந்தத்தில், இருவரும் இசைந்தனர் என்பது மட்டுமே நீதியாகிவிடாது எனத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். திருப்பீடமும் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தோடு 2000-இல் அடிப்படை உடன்பாடு செய்தது; ஆனால் அதோடு நின்றுவிடாமல், 2015-இல் பாலஸ்தீன நாட்டோடு முழு உடன்படிக்கையே செய்தது. ஒருமுறை ‘அடிப்படை’ என எழுதியதை நிறைவுக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு இது சான்று. மனம் இருந்தால் போதும்.

எனவே அந்த விவசாயிக்கு என் மறுமொழி இது: காணிக்கையை நிறுத்தவேண்டாம், ஐயா. ஆனால் காணிக்கை தருவதோடு நம் கடமை முடிந்ததென்றும் எண்ணவேண்டாம். நெல்லை எடை போடும் இடத்தில் முள்ளைக் கூர்ந்து நோக்குகிறவர் நீங்கள். அதே கண்ணோடு உலகத்தாரின் தராசையும் நோக்குங்கள். இடைக்காலம் என்றவரிடம் எந்நாள்வரை என்று கேளுங்கள். மனித உரிமை என்றவரிடம் எவருக்கு என்று கேளுங்கள். கணக்குக் கேட்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. ஆற்றுக்கு அப்பால் கல்லிலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.